ஜோடியா வெளியே போறது குத்தமா? காப்பார் பக்தர்களுக்கு ஒரு மனம் திறந்த பதிவு

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. தட்டுறது ஒரு கைதான், ஆனா பேச்சு கணவன் மனைவி ரெண்டு பேரோடது. அதனால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். யார் மனசையும் புண்படுத்த இல்லை. தப்பு இருந்தா நேர்ல சொல்லுங்க, திருத்திக்கிறோம்.

போன மாசம் நம்ம கோயில் சார்பா, வசதி குறைஞ்ச பிள்ளைகளுக்குப் பள்ளி உடுப்பு, சப்பாத்து, புத்தகப்பை வாங்க ஒரு விருந்து நிகழ்ச்சி நடந்தது. கோயில் வளாகத்துல இல்லை, வெளியே மண்டபம் எடுத்துத்தான் செஞ்சோம். சைவச் சாப்பாடு. அதுல ஏழு ஜோடிகள் மேடை ஏறி பழைய பாட்டு ரெண்டுக்கு ஆடினோம். எல்லாரும் ஐம்பதைத் தாண்டினவங்க. ஒருத்தருக்கு முட்டி வலி, ஒருத்தருக்கு இனிப்பு நீர். மூணு வாரம் ராத்திரி எட்டு மணிக்கு மேல, வேலை முடிஞ்சு வந்து, ஒரு வீட்டு கார் நிறுத்துற இடத்துல பழகினோம். கை தப்பினதும் கால் தப்பினதும் சிரிச்சதும்தான் அதிகம்.

மறுநாள் காலையில வாட்ஸ்அப் குழுவுல ஒரு குரல் பதிவு. யாருன்னு சொல்லப்போறதில்லை. “பேரன் பேத்தி எடுக்கிற வயசுல புருஷனும் பொண்டாட்டியும் மேடையில ஆட்டம். மாசம் ஒரு விருந்து, ரெண்டு மாசத்துக்கு ஒரு பயணம். இதுக்குப் பேரு தர்மமா? கோயில்ல வேலை செய்யறவங்க இப்படியா?” கீழே பதினொரு பேர் கட்டை விரல் போட்டிருந்தாங்க.

ஆம்பளைங்க காதுக்கு இது ரெண்டு நாள் பேச்சு. ஆனா எங்க ரெண்டு பேர்ல வெள்ளிக்கிழமை தோறும் அம்மனுக்குப் பூ கட்டுறவங்க, அந்த வாரம் பூ கட்ட வரலை. அடுத்த வாரமும் வரலை. “உடம்பு சரியில்லை” என்றுதான் கேட்டவங்ககிட்ட சொன்னோம். அது பொய். சாமி சன்னதிக்கு வர கூச்சம். அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கிறோம். எங்க கல்யாண வாழ்க்கையில முதல் இருபது வருஷம் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வெளியே போனது கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி, இந்த மூணுக்குத்தான். தொழிற்சாலையில ஷிப்ட் வேலை. லீவு நாள் வந்தா வீட்டு ஆம்பளை கோயில்ல. கூடாரம் போடணும், நாற்காலி அடுக்கணும், அன்னதான அண்டா தூக்கணும், திருவிழாவுக்கு ரசீது புத்தகம் எடுத்துக்கிட்டு கடை கடையா ஏறணும். “தொண்டு செய்யறார்” என்று ஊரே சொன்னது. வீட்டுல ஒருத்தங்க பிள்ளைகளோட தனியா இருந்தாங்க. அதை யாரும் கேட்கலை, நாங்களும் பேசிக்கலை.

பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனதும்தான் தெரிஞ்சது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தா பேச ஒண்ணும் இல்லை. தண்ணி பில் கட்டியாச்சா, கேஸ் தீர்ந்துபோச்சா, அவ்வளவுதான். மீதி எல்லாம் டிவி சத்தம்.

அப்போ கிள்ளான்ல தெரிஞ்ச ஒரு ஜோடி, இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிதி திரட்டுற விருந்துக்கு டிக்கெட் விற்க எங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டாங்க. சேர்ந்து வீடு வீடா போனோம். யாரு எப்படிப் பேசுவாங்க, யாருகிட்ட எப்படிக் கேட்கணும்னு காருக்குள்ள பேசிக்கிட்டே போனோம். அந்த ஒரு மாசத்துல நாங்க பேசினது, அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துல பேசினதைவிட அதிகம்.

நம்ம பெரிய புராணத்துல திருநீலகண்ட நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும். தில்லையில குயவர். அடியார்களுக்குத் திருவோடு செஞ்சு கொடுக்கிற தொண்டு. அவர் தப்பு பண்ணிட்டார்னு தெரிஞ்சு மனைவி, திருநீலகண்டத்து மேல ஆணை வச்சு “எங்களைத் தொடாதே” என்கிற பொருள்ல சொல்லிட்டாங்க. ஒருமையில சொல்லாம பன்மையில சொன்னதால, எந்தப் பெண்ணையுமே தொடமாட்டேன்னு அவர் விரதம் எடுத்தார். ஒரே வீட்டுல, ஊருக்கு வெளியே தெரியாம, கிழவன் கிழவி ஆகிற வரைக்கும் அப்படியே இருந்தாங்க. கடைசியில சிவபெருமான் யோகியா வந்து ஒரு ஓட்டை வச்சு விளையாடி, ரெண்டு பேரையும் ஒரே மூங்கில் கழியோட ரெண்டு முனையைப் பிடிச்சுக் குளத்துல முங்க வச்சார். எழுந்தப்போ இளமையோட எழுந்தாங்க.

இந்தக் கதையை ஆணையோட பெருமைக்காகத்தான் சொல்றோம். எங்களுக்கு இப்போ வேறொண்ணும் தோணுது. தொண்டு ஒரு நாள் நிற்கலை, ஆனா வீட்டுக்குள்ள ரெண்டு பேர் தனித்தனி. அதை அப்படியே விட்டுட சாமிக்கு மனசில்லை. தேடி வந்து சேர்த்து வச்சார். முதுமையிலதான் சேர்த்து வச்சார் என்பதையும் கவனிங்க. நாங்க சேர்ந்து டிக்கெட் விற்கிறதும், சேர்ந்து மேடை ஏறுறதும் எங்களுக்கு அந்த மூங்கில் கழி மாதிரி.

சரி, கழி இருக்கட்டும், ஆட்டம் எதுக்குன்னு கேட்பீங்க.

பிரிக்பீல்ட்ஸ் போறவங்களுக்கு ஜாலான் பெர்ஹாலாவுல இருக்கிற டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் தெரியும். பேர்லயே கோயில் இருக்கு. 1981-ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி ஆரம்பிச்சது. அவரோட சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தினவங்கள்ல முக்கியமானவங்க ரெண்டு ஜோடிகள். கோபால் ஷெட்டி – ராதா ஷெட்டி, வி.கே. சிவதாஸ் – வத்சலா சிவதாஸ். நாலு பேரும் இந்தியாவிலிருந்து இங்கே வந்து நடனம் கற்பிச்சவங்க. கணவனும் மனைவியுமா ஆடினாங்க, கணவனும் மனைவியுமா சொல்லிக்கொடுத்தாங்க. அவங்ககிட்டயும் அவங்க மாணவர்கள்கிட்டயும் படிச்ச பிள்ளைகள் எத்தனை தலைமுறை! இன்னைக்கு நம்ம வட்டாரத்துல அரங்கேற்றம் பண்ற பிள்ளைகள்ல பல பேருக்கு குருவோட குருவைத் தேடிப்போனா அந்த வாசல்லதான் போய் நிற்கும்.

அங்கே நடக்கிற நாட்டிய நாடகங்கள் தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டியிருக்கு. வெளிநாட்டு மேடைகளுக்கும் அந்தக் குழு போயிருக்கு. அதே நிறுவனத்தோட அன்னலட்சுமி உணவகத்துல விலைப்பட்டியல் வைக்காம, சாப்பிட்டுட்டு மனசுல பட்டதைக் கொடுங்கன்னு நடத்தினாங்க. பரிமாறுறவங்கள்ல நிறைய பேர் தொண்டர்கள். ஆட்டம், பயணம், தர்மம், மூணும் ஒரே கூரைக்குக் கீழே. அதைப் பார்த்து யாரும் “இதுக்குப் பேரு தர்மமா?” என்று கேட்கலை. அவங்க படிச்ச நாட்டியக்காரங்க, நாங்க முட்டி வலிக்காரங்க, வித்தியாசம் இருக்கு. ஒத்துக்கிறோம். ஆனா கணவனும் மனைவியும் சேர்ந்து ஆடி அடுத்தவனுக்கு உதவுறது நம்ம சமயத்துக்கு ஆகாதது இல்லை என்பதுக்கு சாட்சி கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கு.

இன்னொரு ஜோடியைச் சொல்றோம். இவங்க குரல் இல்லாம நம்ம கோயில்கள் பலதுல பொழுது விடியாது. காலையில ஒலிபெருக்கியில வெங்கடேச சுப்ரபாதம் கேட்குதே, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா பாடினது. 1963-ல் வந்த இசைத்தட்டு. அதுல வர்ற உரிமைத்தொகையைத் திருப்பதி தேவஸ்தானத்தோட வேத பாடசாலைக்கே எழுதிக் கொடுத்துட்டாங்க.

அந்த அம்மாவும் கணவர் சதாசிவம் ஐயாவும் 1940-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அடுத்த வருஷமே, கல்கி பத்திரிகை தொடங்கப் பணம் வேணும்னு ‘சாவித்திரி’ படத்துல நடிச்சாங்க. என்ன வேஷம்? நாரதர் வேஷம். ஆண் வேஷம்! இன்னைக்கு நம்ம வாட்ஸ்அப் குழு அன்னைக்கு இருந்திருந்தா எத்தனை குரல் பதிவு வந்திருக்கும்? அந்தக் குரலைக் கேட்டுத்தான் நம்ம பெருமாள் தினமும் கண் திறக்கிறார்.

அதுக்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல அவங்க வாழ்க்கையே பயணமும் தர்மக் கச்சேரியும்தான். 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்குப் பாடினாங்க. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயில் திருப்பணிக்கு என்று பாடிக்கிட்டே இருந்தாங்க. 1966-ல் நியூயார்க்கில ஐக்கிய நாடுகள் சபையில பாடினாங்க. 1974-ல் பொதுச் சேவைக்காக மகசேசே விருது. எங்கே போனாலும் சதாசிவம் ஐயா கூடவே. என்ன பாட்டு, எந்த வரிசை என்று அவர் பார்த்துக்குவார், முன் வரிசையில உட்கார்ந்திருப்பார். 1997-ல் அவர் காலமானதும் அம்மா மேடைக் கச்சேரியை நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் பாரத ரத்னா கொடுத்தாங்க. 2004-ல் அவங்களும் போய்ச் சேர்ந்தாங்க.

அவங்க பக்கத்துல எங்களை வச்சுக்கச் சொல்லலை. மலை எங்கே, மடு எங்கே. ஆனா கணவனும் மனைவியும் ஊர் ஊரா போய், மேடை ஏறி, வந்த பணத்தைப் பொதுவுக்குக் கொடுத்தா அதை பக்தி என்று ஏத்துக்கிட்ட சமுதாயம்தானே நாம்? பெரியவங்க செஞ்சா புண்ணியம், காப்பார் தாமான்ல இருக்கிற தொழிற்சாலைக்காரன் செஞ்சா ஆட்டமா?

இன்னொண்ணும் அவங்ககிட்ட கத்துக்கணும். இவ்வளவு கொடுத்தவங்க ஒரு காலத்துல பெரிய வீட்டை வித்துட்டு வாடகை வீட்டுக்குப் போனாங்க. தர்மம் செய்யற ஜோடிகள் கையில கொஞ்சம் மிச்சம் வச்சுக்கங்க. சேமநிதிப் பணத்தை எடுத்து மேசை வாங்காதீங்க.

இப்போ அந்தக் குரல் பதிவுல இருக்கிற நியாயத்துக்கு வர்றோம். கோபத்துல முதல் ரெண்டு நாள் எங்களுக்கு அது தெரியலை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தப்போ தெரிஞ்சது.

நம்ம விருந்துல 30 மேசை. மேசைக்கு 10 பேர், தலைக்கு 60 வெள்ளி. மொத்தம் 18,000. மண்டபமும் சாப்பாடும் 9,000. ஒலி, ஒளி, மேடை 1,400. பொன்னாடை, மாலை, நினைவுச்சின்னம், பேனர் 1,600. செலவு மொத்தம் 12,000. மிச்சம் 6,000. ஒரு பிள்ளைக்கு 150 வெள்ளி என்று 40 பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

அதாவது 60 வெள்ளி டிக்கெட்ல பிள்ளைக்குப் போனது 20 வெள்ளி. 40 வெள்ளி நாம சாப்பிட்டோம், நாம பார்த்தோம், நாம போர்த்திக்கிட்டோம். அந்த 1,600-ஐ மட்டும் மிச்சம் பிடிச்சிருந்தா இன்னும் 10 பிள்ளைகளுக்குப் பை வாங்கியிருக்கலாம். பொன்னாடை போர்த்தினவங்கள்ல நாங்களும் ஒருத்தர். அது வீட்டு அலமாரியில மடிச்ச மடிப்புக் கலையாம இருக்கு. பத்துப் பிள்ளைகளோட பையில ஒரு பங்கு அது. பார்க்கும்போது கஷ்டமா இருக்கு.

இன்னொரு நியாயம். இன்னைக்குக் குறைந்தபட்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தா ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் விருந்துக்கு வரணும்னா 120 வெள்ளி, கிட்டத்தட்ட ரெண்டு நாள் சம்பளம். எங்க லைன்ல நிற்கிற பையன் எப்படி வருவான்? அவன் பிள்ளைக்குத்தான் பை கொடுக்கிறோம், ஆனா அவனும் அவன் சம்சாரமும் அந்த மண்டபத்துல உட்கார முடியாது. பை வாங்க மட்டும் மேடை ஏறணும், போட்டோவுக்கு நிற்கணும். இதை நாங்க முன்னாடி யோசிக்கவே இல்லை.

வேற சில விருந்துகள்ல மேசைக்குப் பீர் போத்தல் வர்றதும், அரசியல் பிரமுகர் வர்ற வரைக்கும் பிள்ளைகளைப் பசியோட உட்கார வைக்கிறதும் நடக்குது. வீட்டுல வயசான தாயைத் தனியா விட்டுட்டு தர்ம விருந்துக்குப் போறவங்களும் இருக்காங்க. இதையெல்லாம் திட்டினா நாங்களும் சேர்ந்து திட்டுவோம்.

ஆனா திட்ட வேண்டியது கணக்கை, ஜோடியை இல்லை. இதுதான் எங்க கருத்து. ஒரு தம்பதி சிரிச்சுக்கிட்டு சேர்ந்து போறது கண்ணுல படுது. 12,000 செலவு கண்ணுல படலை. கண்ணுல படுறதைப் பேசிட்டு, படாததை விட்டுட்டோம்.

பயணத்தைப் பத்தியும் சொல்லியாகணும். நாம மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் பஸ் பிடிச்சுப் போனா யாத்திரை. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை போனா யாத்திரை. திருச்சிக்கு விமானம் ஏறி ஒன்பது கோயில் பார்த்துட்டு, கடைசி நாள் முழுக்க சேலைக் கடையில நின்னாலும் யாத்திரை. பக்கத்து வீட்டு ஜோடி கேமரன் மலைக்குப் போனா மட்டும் ஊர் சுத்துறாங்க! எங்க உற்சவமூர்த்தியே தனியா ஊர்வலம் போறதில்லை. வள்ளி தெய்வானையோடதான் முருகன் ரதம் ஏறுறார். நடராஜர் ஆடுற இடத்துல சிவகாமி அம்மன் பக்கத்துலயே நிற்கிறாங்க. சேர்ந்து போறதும் ஆடுறதும் நம்ம சாமிக்கே ஆகும்போது பக்தனுக்கு மட்டும் எப்படி ஆகாமப் போகும்?

எல்லைன்னு ஒண்ணு வேணும், அதுவும் சரி. கோயில் வளாகத்துக்குள்ள சினிமாப் பாட்டுக்கு ஆடுறது எங்களுக்கும் உடன்பாடு இல்லை. அங்கே தேவாரம், பஜனை, கோலாட்டம், பரதம் போதும். மண்டபத்துல நடக்கிற விருந்து வேற.

நிர்வாகத்துக்கும் பக்தர்களுக்கும் எங்க வேண்டுகோள் இதுதான்.

அடுத்த விருந்துல பொன்னாடை, மாலை, நினைவுச்சின்னம் வேண்டாம். வர்றவங்களுக்கு ஒரு சந்தனப் பொட்டு, ஒரு வணக்கம் போதும். நிகழ்ச்சி முடிஞ்ச 14 நாளுக்குள்ள வரவு செலவு முழுசா கோயில் அறிவிப்புப் பலகையில ஒட்டணும். டிக்கெட்ல பாதியாவது பிள்ளைக்குப் போகலைன்னா அந்த விருந்து வேண்டாம், அன்னதானக் கூடத்துலயே எளிமையா செய்வோம்.

டிக்கெட் வாங்க முடியாத ஜோடிகள் காய் வெட்ட, நாற்காலி போட, பரிமாற வரட்டும். வேலை முடிஞ்சதும் அதே மேசையில, அதே இலையில உட்கார்ந்து சாப்பிடட்டும். பிள்ளைகளுக்குப் பையை மேடையில கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம், தாய் தகப்பன் கையில தனியா கொடுத்துடலாம்.

அப்புறம், தொண்டர்களைக் கூப்பிடும்போது ஆம்பளையை மட்டும் கூப்பிடாதீங்க. தம்பதியா கூப்பிடுங்க. இளையான்குடி மாறனார் நடு ராத்திரி மழையில விதைச்ச நெல்லை வாரிக்கிட்டு வந்தார், சரி. அதைக் கழுவி, வறுத்து, குத்தி, சமைச்சது யாரு? அவர் மனைவிதான். அடியாருக்குச் சோறு போட்ட புண்ணியம் ரெண்டு பேருக்கும்தான். நம்ம கோயில் நிர்வாகப் பட்டியல்ல பேர் எல்லாம் மாறனார் பேராவே இருக்கு.

குரல் பதிவு போட்ட அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நீங்க கேட்ட கேள்வியில பாதி எங்களுக்கு உறைச்சது, அதுக்கு நன்றி. மீதிப் பாதியை எங்க வீட்டுக்கு வந்து டீ குடிச்சுக்கிட்டே பேசலாம், அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க. கட்டை விரல் போட்ட பதினொரு பேர்ல ஆறு பேர் அந்த விருந்துல எங்க கூட உட்கார்ந்து சாப்பிட்டவங்க. கோபம் இல்லை. ஆனா ஒரு பொம்பளை பூ கட்ட வராம போனதுக்கு நம்ம எல்லார் விரலும் காரணம்னு மட்டும் நினைச்சுப் பாருங்க.

வர்ற வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு அவங்க பூ கட்ட வர்றாங்க. இந்தத் தடவை தனியா இல்லை. வாழை நார் கிழிச்சுக் கொடுக்க வீட்டு ஆம்பளையும் கூட வர்றார். முடிஞ்சா நீங்களும் ஜோடியா வாங்க. பூ நிறைய இருக்கு.

எல்லாரும் நல்லா இருக்கணும். திருச்சிற்றம்பலம்.